மேசைக்கும் அதே படம், போட்டிக்கும் அதே படம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஓவியர்களுக்கு

பகலில் பிளக்ஸ் கடையில் காதணி விழாவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பேனர் போட்டுவிட்டு, ராத்திரி டேப்லெட்டில் சொந்தப் படம் வரைகிற ஆட்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது பெங்களூரு காமிக் கானில் (காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் விழா) மேசை போட்டுப் படம் விற்க வேண்டும், இல்லை அரசாங்க லோகோ போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: முழு உரிமையும் உங்களுடையதாக இருக்கிற படத்தை வரையுங்கள், அதை ஒரே ஒருமுறை பெரிய அளவில் ஒழுங்காகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதே கோப்பிலிருந்து மேசைக்கு ஸ்டிக்கர், அட்டை, ஏ3 பிரிண்ட் எல்லாம் எடுக்கலாம், போட்டிக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஒன்று வரைய உட்கார்ந்தால் வருடம் முழுக்க அவசரத்திலேயே போய்விடும்.

ரசிகர் படம் வரைய வேண்டாமா என்று கேட்பீர்கள். பிரபல அனிமே, சூப்பர் ஹீரோ படங்கள் மேசையில் விற்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஹாலில் பத்து மேசைக்கு ஒரு மேசையில் அதே முகம்தான் தொங்கிக்கொண்டிருக்கும், உங்களுடையதை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு விலைக் குறைப்பைத் தவிர வேறு பதில் இருக்காது. போட்டி பக்கம் போனால் அந்தப் படத்துக்கு வாசலிலேயே இடம் கிடையாது, ஏனென்றால் பாத்திரம் இன்னொருவருடைய காப்புரிமை. ஆகவே நாலு படத்தில் ஒன்று ரசிகர் படம் என்றால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

என்ன வரைவது என்பதற்கு நம்ம பக்கத்தில் பஞ்சமே இல்லை. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்கள் முன்னால் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மீட்டு வந்த மாடு, எல்லாமே தட்டையான புடைப்புதான். அதனால் ஒரே நிறத்தில் நிரப்பினாலும் உருவம் கெடாது, லோகோவுக்கும் டி-ஷர்ட்டுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மல்லபாடி பாறை ஓவியத்தில் வெள்ளை நிறத்தில் குதிரைமேல் இருக்கும் உருவங்களும் அப்படித்தான். ஒகேனக்கல் பரிசலை மேலே இருந்து பார்த்தால் வட்டம், அதுவே ஒரு ஸ்டிக்கர் வடிவம். கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய எருது, ராயக்கோட்டை தக்காளிக் கூடை, ஓசூர் ரோஜா, மாங்காய்க் குவியல், இதெல்லாம் பெங்களூருக்காரர்கள் ஹைவேயில் கடந்து போகும்போது பார்த்தவை, படமாகப் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை: நடுகல்லுக்குக் காப்புரிமை கிடையாது, ஆனால் இணையத்தில் கிடக்கும் நடுகல் புகைப்படத்துக்கு உண்டு. நீங்களே போய் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரையுங்கள், அந்தப் போட்டோக்களைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

கோப்பு

பிளக்ஸ் கடை பழக்கம் ஒன்று உண்டு, 72 டிபிஐயில் (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) வேலை செய்வது. இருபதடி பேனரை ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது போதும். கையில் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிரிண்டுக்குப் போதாது. ஏ3 அளவில் 300 டிபிஐ வைத்துத் தொடங்குங்கள், அதாவது 3508 x 4961 பிக்சல். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போகிற ஓரம்) சேர்த்தால் 3579 x 5031. சின்னதாக வரைந்து பிறகு இழுத்துப் பெரிதாக்குவது கோடுகளை நாசம் செய்யும், பெரிதிலிருந்து சிறிதாக்குவதில் பிரச்சினை இல்லை. லோகோ மாதிரி வேலையை மட்டும் ஆரம்பத்திலிருந்தே வெக்டாரில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத முறை), கோரல் டிராவோ இல்லஸ்ட்ரேட்டரோ இங்க்ஸ்கேப்போ, எது கை வருமோ அதில் செய்யுங்கள்.

நிறம்: திரையில் ஜொலிக்கிற பச்சையும் ஊதா கலந்த நீலமும் பேப்பரில் செத்துப்போகும். திரையின் ஆர்ஜிபியில் வரும் அந்த நிறங்களை, அச்சின் நாலு மை முறையான சிஎம்ஒய்கேயில் மை கலந்து கொண்டுவர முடியாது, அவ்வளவுதான். வரையும்போதே அவ்வப்போது சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைத் தட்டிப் பாருங்கள், கடைசி நாள் பிரிண்ட் கடையில் நின்றுகொண்டு கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. மெல்லிய கோடும் எழுத்தும் வெறும் கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கருப்பில் சின்ன எழுத்து வைத்தால், தட்டு ஒரு முடி அளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சாயம் தெரியும்.

தமிழ் எழுத்து சேர்க்கிறீர்கள் என்றால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழைத் தட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது, 'கொ' மூன்று துண்டாக உடைவது, இதெல்லாம் எழுத்துருவின் கோளாறு இல்லை. கொஞ்சம் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டை (இன்னும் பழையவற்றில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று இருக்கும்) தேர்ந்தெடுத்துவிட்டு புதுக் கோப்பு திறந்தால் சரியாகும். கோரலில் பாமினி (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) போட்டு அடிப்பவர்கள் வேலை முடிந்ததும் எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பெங்களூரு பிரிண்ட் கடையின் கணினியில் உங்கள் தலைப்பு ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். இன்னொன்று, பென்டிரைவில் கைமாறிக் கைமாறி வந்த எழுத்துருவைப் போட்டிக்கு அனுப்பும் வேலையில் தொடவே தொடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இதைவிட நல்லது கையால் எழுதுவது. நல்ல பிளக்ஸ் கடை ஆட்களுக்கு அந்தக் கை உண்டு, அவர்களே அதை மதிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

போட்டி

விதிகளைக் கடைசியிலிருந்து மேலே படியுங்கள். பரிசுத் தொகை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும், உரிமை பற்றிய வரி கடைசியில் பொடியாக இருக்கும். அந்த வரியில் நீங்கள் தேட வேண்டியது ஒரு சொல்லைத்தான்: 'வெற்றி பெறும் படைப்பின் உரிமை' நடத்துகிறவர்களுக்குப் போகும் என்று இருந்தால் அது நியாயமான வழக்கம். 'சமர்ப்பிக்கப்படும் எல்லாப் படைப்புகளின் உரிமையும்' என்று இருந்தால், தோற்றாலும் உங்கள் படம் போயிற்று. அதே நடுகல் வீரனை அடுத்த மாதம் நீங்கள் ஸ்டிக்கராக விற்க முடியாது. இந்த மாதிரிப் போட்டிகளுக்கு, அதிலும் நுழைவுக் கட்டணமும் கேட்டால், நான் அனுப்பச் சொல்ல மாட்டேன். பரிசு எவ்வளவு இருந்தாலும் சரி.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி வரைந்தவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவது எழுத்தில்தான் நடக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று அதில் எழுதவில்லை என்றால் 5 ஆண்டு, எந்த இடம் என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும், இது 19-ஆம் பிரிவு. உரிமையை விற்ற பிறகும் 'இதை வரைந்தது நான்' என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும், அது 57-ஆம் பிரிவு. கடையில் சம்பளத்துக்கு இருக்கும்போது கடை வேலையாக வரைந்தது மட்டும் வேறு கணக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது முதலாளியுடையது. அதனால் சொந்தப் படத்தைக் கடைக் கணினியில், கடை நேரத்தில் செய்யாதீர்கள்.

லோகோ போட்டிகள் மத்திய அரசின் மைகவ் தளத்தில் அடிக்கடி வரும். நம்ம ஆட்களுக்குத் தெம்பு வேண்டும் என்றால் ரூபாய்க் குறியீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: 2009-இல் மத்திய அரசு அறிவித்த திறந்த போட்டி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள், 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்டது தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமாருடைய வடிவத்தை. பரிசு இரண்டரை லட்சம். அந்தக் குறியை இப்போது ஒரு முறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ரெண்டு கிடைக்கோடு, ஒரு வளைவு, ஒரு சாய்கோடு. மளிகைக் கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் பில்லில் எழுதினாலும் அது அதுவாகவே இருக்கிறது. ஒரு லோகோவுக்கு வேண்டியது அதுதான், உலோக மினுமினுப்பும் நிழலும் இல்லை.

சோதிக்க ஒரு வழி. லோகோவை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, அதை ஜெராக்ஸ் கடையில் கொடுங்கள். வந்த ஜெராக்ஸையே இன்னொரு ஜெராக்ஸ், அதையும் இன்னொன்று. மூன்றாவதில் எது அடைபட்டுக் கருப்புத் திட்டாகிறதோ, எந்தக் கோடு காணாமல் போகிறதோ, அதைத் தடிமனாக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். அரசாங்கச் சின்னங்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அப்படிப்பட்ட ஜெராக்ஸ்தான்.

டி-ஷர்ட் போட்டி என்றால் திருப்பூர்க்காரர் மூளையோடு யோசியுங்கள். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் காசு. நாலு நிறத்துக்குள் முடியுங்கள், ஒவ்வொரு நிறமும் தனி லேயரில், மெதுவாக மங்கும் சாயல் வேண்டிய இடத்தில் ஹாஃப்டோன், அதாவது சின்னதும் பெரிதுமான புள்ளிகள். துணியின் நிறத்தையே ஒரு நிறமாகக் கணக்கில் எடுத்தால் ஒரு ஸ்கிரீன் மிச்சம். பின்னணி இல்லாத பிஎன்ஜி, 4500 x 5400 பிக்சல் வைத்திருந்தால் பெரும்பாலான ஆன்லைன் டி-ஷர்ட் தளங்களுக்கும் அதுவே ஆகும்.

பல போட்டிகளில் நடுவர்களுக்குப் பெயர் தெரியக்கூடாது. படத்தின் மூலையில் கையெழுத்து, வாட்டர்மார்க், கோப்பின் பெயரில் உங்கள் பெயர், எது இருந்தாலும் உங்கள் படத்தைப் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள், விதியைப் பார்த்துச் செய்யுங்கள். இப்போது ஏஐயில் செய்ததில்லை என்று உறுதி கேட்கும் போட்டிகளும் வருகின்றன. பென்சில் ஸ்கெட்ச், லேயர்களை ஒன்றாக்காத கோப்பு, வரையும்போது எடுத்த டைம்லாப்ஸ், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தேதியோடு போட்டு வையுங்கள். கூடவே கேட்கும் விளக்கக் குறிப்பில் தத்துவம் பேசாமல், எந்த வடிவம் எதைக் குறிக்கிறது, ஏன் இந்த நிறம், அதை மட்டும் நாலு வரியில் சொன்னால் போதும். பதிவேற்றத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், அன்றைக்கு சர்வர் படுத்துக்கொள்ளும்.

பிரிண்ட், விலை

ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால்தான் சிவகாசி ஆஃப்செட். உங்களுக்கு வேண்டியது டிஜிட்டல் பிரிண்ட், ஓசூரிலும் பெங்களூரிலும் தாராளமாகக் கிடைக்கும். கடைக்காரர் கணக்குப் போடுவது ஷீட்டுக்குத்தான், படத்துக்கு இல்லை. 13-க்கு 19 இஞ்ச் ஷீட்டில் பிளீட் வைத்து ஒரு ஏ3, அல்லது எட்டு ஏ6 அட்டை வெட்டலாம். மீதி இடத்தைக் காலியாக விடாமல் ஒல்லியான புக்மார்க்கை ஓரத்தில் செருகுங்கள். முதலில் எல்லாப் படங்களிலிருந்தும் முக்கியமான நிறமுள்ள துண்டுகளை ஒரே ஷீட்டில் அடுக்கி ஒரு சோதனை எடுத்து, வெளியே கொண்டுபோய் வெயிலில் பாருங்கள், கடையின் டியூப்லைட் ஏமாற்றும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை, மேட் லேமினேஷன். பளபளப்பான கிளாஸி லேமினேஷன் ஹாலின் ஸ்பாட்லைட்டில் பளீரென்று அடித்து, படமே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்த மெல்லிய தாள் சுருண்டுகொள்ளும், அதனால்தான் தடிமன் கேட்கிறேன்.

ஒரே படத்தில் நூறு பிரதி அடிக்காதீர்கள். ஏ3, ஏ4-இல் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து, அட்டையும் ஸ்டிக்கரும் கூடுதலாக, முதல் தடவைக்குப் போதும்.

விலைக் கணக்கை உதாரணத்தோடு பார்ப்போம். ஏ3 பிரிண்ட் 40, கவரும் பின் அட்டையும் 20, ஆக அடக்கம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 250-க்கு விற்றால் கையில் நிற்பது 190. மேசை வாடகை 6,000, போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 என்றால், ஏ3 மட்டுமே விற்று முதலை எடுக்க 48 பிரிண்ட் போக வேண்டும். ரெண்டு நாளில் புது ஆளுக்கு அது சுலபமில்லை. அதனால்தான் 50 ரூபாய் அட்டையும் ஸ்டிக்கரும் மேசையின் முன் வரிசையில் இருக்க வேண்டும் என்பது, கல்லூரிப் பசங்க பாதிப் பேர் அதைத்தான் வாங்குவார்கள். வரைந்த நேரத்துக்குக் காசு இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள், அது இரண்டாவது, மூன்றாவது நிகழ்ச்சியில் அதே படம் மறுபடி விற்கும்போதுதான் வரும். வேறு மாநிலத்தில் போய்ப் பொருள் விற்பதற்கு ஜிஎஸ்டியில் தனி விதிகள் இருக்கின்றன, சில அமைப்பாளர்கள் விண்ணப்பத்திலேயே கேட்பார்கள், ஊரில் தெரிந்த ஆடிட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மேசை

எடுத்தவுடன் காமிக் கான் வேண்டாம் என்பது என் கருத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் ஒரு பதிப்பாளர் கடையின் ஓரத்தில் புக்மார்க்கும் அட்டையும் வைக்க இடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருபது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு எதை எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பாடம். ஜனவரியில் பெங்களூரு குமாரகிருபா சாலையில் சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திர சந்தை வேறு மாதிரி: திறந்தவெளி, வெயில், காற்று, வீட்டுச் சுவருக்குப் படம் தேடி வரும் குடும்பங்கள், பேரம். அங்கே கையால் தீட்டிய அசல் ஓவியம் எடுபடும், ஸ்டிக்கர் அவ்வளவாக இல்லை. காமிக் கானுக்கு வருகிறவர்கள் இளவட்டம், விண்ணப்பமும் மாதக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும்.

இடம் கிடைத்ததும் மேசையின் அளவைக் கேளுங்கள். ஆறடிக்கு ரெண்டடி என்றால் வீட்டுத் தரையில் சாக்பீஸால் அதே அளவு கோடு போட்டு, எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள், அன்றைக்குக் காலையில் அந்தப் போட்டோவைப் பார்த்து அடுக்கினால் போதும். படுக்க வைத்த படத்தை யாரும் பார்ப்பதில்லை, கூட்டத்தில் பத்தடி தூரத்திலிருந்து தெரிவது நிற்க வைத்ததுதான். ஃபேன்சி ஸ்டோரில் கிளிப்பும் வளையலும் தொங்கவிடும் கம்பி வலை இருக்கிறதே, அதில் சின்ன அளவுகளை வாங்கி கேபிள் டையால் இணைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை மேலே இருக்கட்டும், மேசை விரிப்பின் முன்பக்கத்தில் எழுதினால் நிற்பவர்களின் கால்தான் அதைப் படிக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதி ஒட்டுங்கள், கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்கள் அதிகம்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, அதனால் எல்லாமே பஸ் கணக்குதான். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு. பிரிண்டைச் சுருட்டாதீர்கள், ரெண்டு தடிமனான அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, ஏ3 ஃபோல்டரில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வலை மேலே தட்டில் அடங்கும் அளவாக இருந்தால் கண்டக்டரோடு லக்கேஜ் சண்டை இல்லை. காமிக் கான் பல தடவை ஒயிட்ஃபீல்டு பக்கம் நடந்திருக்கிறது. சில்க் போர்டில் இறங்கி அங்கே போய்ச் சேருவதற்கே கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் நேரம் ஆகும், ஆகவே முதல் நாள் ராத்திரியே போய்விடுவது புத்தி.

யுபிஐ கியூஆரை ரெண்டு பிரதி அச்சடித்து வையுங்கள், ஹாலுக்குள் சிக்னல் படுத்தால் சில்லறைதான் காப்பாற்றும், பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஒரு ஆயிரம் ரூபாய்க்கு. மேசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் வர மாட்டார்கள். எதையாவது வரைந்துகொண்டிருங்கள், நின்று பார்ப்பார்கள். யாராவது படத்தைத் தொட்டவுடன் அது எந்த ஊர், என்ன கல் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். நம்ம எல்லைக்காரர்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் பாதியாவது வரும் என்பது இங்கே பெரிய மூலதனம், அரைகுறையாக இருந்தாலும் கூச்சமில்லாமல் பேசுங்கள்.

ஒரு நோட்டில் எந்தப் படம் எப்போது விற்றது என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். 'எங்க வீட்டு நாயை இப்படி வரைந்து தருவீங்களா', 'எங்க கஃபேவுக்கு ஒரு சுவர்ப் படம்' என்று கேட்பவர்களின் எண்ணை அதே நோட்டின் பின்பக்கத்தில் வாங்குங்கள், விலையை அங்கேயே வாயால் சொல்லாதீர்கள். ஊருக்கு வந்து ரெண்டு நாளுக்குள் அளவு, தேதி, எத்தனை முறை திருத்தம், படத்தை அவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பாதிப் பணம் கைக்கு வந்த பிறகு பென்சிலை எடுங்கள்.